சின்ன அட்டையின் கடைசி வரி

ஓவியக்கூடத்துக்குப் போனால் நான் முதலில் படிப்பது படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் சின்ன அட்டையை. அதிலும் கடைசி வரியை. ஓவியர் யார், தலைப்பு என்ன, எந்த வருடம், எண்ணெய் வண்ணமா நீர் வண்ணமா என்பதெல்லாம் கூகுளில் தேடினாலே கிடைத்துவிடும். யார் கொடுத்தது, யார் காசில் வாங்கியது, எப்போது உள்ளே வந்தது என்பது அந்தக் கடைசி வரியில்தான் இருக்கும். பாதிப் பேர் அதைப் பார்ப்பதே இல்லை. எழுத்தும் அவ்வளவு பொடியாக இருக்கும்.

ஜோகன்னஸ்பர்க் ஓவியக்கூடத்தில் இந்தப் பழக்கம் எனக்கு நன்றாகவே கைகொடுத்தது. அங்கே படங்களைவிட அவை உள்ளே வந்த கதைகள்தான் பெரியவை என்பது என் கட்சி.

கூட வந்தவர் எங்கள் வீட்டுக்காரம்மா. ஜோகன்னஸ்பர்க்குக்கு வெளியே இருக்கும் லெனேசியாவில் அவர் வீட்டின் பின்கட்டில்தான் நான் வாடகைக்கு இருக்கிறேன். எழுபதைத் தாண்டியவர். பிறந்து வளர்ந்தது எல்லாம் நகரத்துக்குள் இருந்த ஃபீட்டாஸ் என்ற பகுதியில். ஊரில் எல்லோருக்கும் அவர் ஆன்ட்டி, எனக்கும் ஆன்ட்டிதான். ஆங்கிலத்தில் பேசிக்கொண்டே வருவார், நடுவில் திடீரென்று தமிழுக்கு மாறுவார். அந்தத் தமிழில் சமையலும் சாமியும் திட்டும் தாராளமாக இருக்கும். இத்தனை வருடம் இதே நகரத்தில் இருந்தும் அந்தக் கட்டடத்துக்குள் அவர் கால் வைத்ததில்லை. ஏன் என்று காரில் போகும்போது கேட்டேன்.

"உள்ள வராதேன்னு யாரும் போர்டு போட்டாங்களான்னு எனக்குத் தெரியாது கண்ணு. எங்க வீட்ல யாரும் போனதில்ல. ரயில்ல போறப்ப பாப்போம், அவ்வளவுதான்."

ரயிலில் போகும்போது பார்ப்பது என்பது அந்தக் கட்டடத்துக்கு ரொம்பவே பொருத்தம். ஜூபர்ட் பூங்காவின் தெற்கு ஓரத்தில், தண்டவாளப் பள்ளத்தை ஒட்டி நிற்கிறது அது. பெரிய தூண்கள் வைத்த முகப்பு பூங்காவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரயிலைப் பார்க்கிறது. தண்டவாளத்தை மூடி மேலே தோட்டம் போட்டுவிடலாம், மக்கள் அந்தப் பக்கத்திலிருந்து படியேறி வரட்டும் என்பது கட்டடக்காரரின் திட்டம். தண்டவாளத்தை யாரும் மூடவில்லை. நூறு வருடத்துக்கு மேலாக அந்த அழகான வாசல் போகிற வருகிற ரயிலைப் பார்த்துக்கொண்டே நிற்கிறது.

அந்தக் கட்டடக்காரர் எட்வின் லட்யன்ஸ். டெல்லியில் இன்றைக்கு ராஷ்டிரபதி பவனாக இருக்கும் மாளிகையைக் கட்டினாரே, அவரேதான். டெல்லி வேலை கைக்கு வருவதற்குச் சற்று முன்னால், 1910 கடைசியில் தென்னாப்பிரிக்கா வந்து இந்த வேலையை எடுத்துக்கொண்டார். இன்னொரு துணுக்கும் உண்டு. அடையாறில் தியோசபிக்காரர்கள் கண்டெடுத்த ஜே. கிருஷ்ணமூர்த்தி லண்டன் போனபோது அவரைத் தன் பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டவர் லட்யன்ஸின் மனைவி எமிலி. புருஷனுக்கு அதில் அவ்வளவாக இஷ்டம் இல்லை என்பார்கள். ஆன்ட்டியிடம் இதைச் சொன்னேன். "அப்ப நம்ம சொந்தக்காரன்தான்" என்று சிரித்தார்.

கூடத்தின் தொடக்கம் ஒரு மோதிரத்தில் இருக்கிறது. ஃப்ளோரன்ஸ் ஃபிலிப்ஸ், தங்கச் சுரங்க முதலாளி லயனல் ஃபிலிப்ஸின் மனைவி. 1886இல் தங்கம் கிடைத்து, கூடாரமும் தகரக் கொட்டகையுமாக முளைத்த ஊர் இது. இந்த ஊருக்கும் ஓர் ஓவியக்கூடம் வேண்டும் என்று அந்த அம்மாவுக்கு ஆசை. லண்டனில் ஹியூ லேன் என்ற ஓவிய வியாபாரியைப் பிடித்தார். கணவர் வாங்கிக் கொடுத்த நீல வைரத்தை விற்று, பிலிப் வில்சன் ஸ்டீர் என்ற ஆங்கில ஓவியரின் படங்கள் மூன்றை வாங்கினார். பிறகு மற்றச் சுரங்க முதலாளிகளையும் துரத்திப் பிடித்துப் பணம் பிடுங்கினார். 1910இல் முதல் தொகுப்பு ஜோகன்னஸ்பர்க்கில் காட்சிக்கு வந்தது. லட்யன்ஸின் கட்டடம் பாதி கட்டிய நிலையிலேயே 1915இல் திறந்தது. அதே வருடம் மே மாதம் லூசிடானியா கப்பலை ஜெர்மானிய நீர்மூழ்கி டார்பிடோ வீசி மூழ்கடித்தபோது ஹியூ லேன் அதில் இருந்தார். பிழைக்கவில்லை.

அந்த முதல் தொகுப்பின் அட்டைகளில் கடைசி வரியைப் படித்துக்கொண்டே போனால், ஒரு சுரங்கக் கம்பெனியின் பங்குதாரர் பட்டியலை வாசிப்பது போல இருக்கும். பெய்ட், மைக்கேலிஸ், ஃபிலிப்ஸ். தங்கமும் வைரமும் உருகி மோனே, சிஸ்லி என்ற ஓவியர்களின் படங்களாகச் சுவரில் தொங்குகின்றன. மோனேயின் வசந்தகாலப் படம் ஒன்று இருக்கிறது. அதன் முன்னால் நின்றால் நன்றாகத்தான் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதைவிட நான் அதிக நேரம் நின்றது ஆங்கில ஓவியர் ரொசெட்டியின் ஒரு சின்னப் படத்துக்கு முன்னால்.

'ரெஜினா கோர்டியம்' என்று பெயர். செம்பட்டை முடி, தோள் தெரிகிற ஒரு பெண், கழுத்தில் பவள மாலை, கையில் ஒற்றைப் பூ. முகத்தில் சந்தோஷம் இல்லை. எங்கோ வேறு பக்கம் பார்க்கிறாள். அவள் எலிசபெத் சிடல். ரொசெட்டி பல வருடம் இழுத்தடித்து, கடைசியில் அவளைக் கல்யாணம் செய்துகொண்ட சமயத்தில் வரைந்தது. இரண்டு வருடத்துக்குள் லாடனம் என்ற அபின் மருந்தை அதிகமாகக் குடித்து அவள் இறந்துபோனாள். ஆன்ட்டி பவளத்தைத்தான் உற்றுப் பார்த்தார். இருபத்திரண்டு காரட் தங்கத்தில் கோத்திருந்தால் இன்னும் எடுப்பாக இருக்கும் என்றார். அப்புறம் அட்டையைக் காட்டி, "இந்த வருஷத்தப் பாரு" என்றார்.

1860. தென்னாப்பிரிக்கத் தமிழர் வீடுகளில் பிறந்த குழந்தைக்குக்கூட அந்த வருடம் தெரியும். சென்னையிலிருந்து கிளம்பிய 'ட்ரூரோ' கப்பல் அந்த நவம்பர் 16ஆம் தேதி டர்பன் துறைமுகத்தில் முதல் ஒப்பந்தக் கூலிகளை இறக்கியது. லண்டனில் ஒருவர் தன் பெண்டாட்டியைப் பவள மாலையோடு வரைந்துகொண்டிருந்த அதே வருடத்தில், ஆர்க்காட்டுப் பக்கத்து ஆள்கள் கழுத்தில் தகர எண்ணோடு கரும்புத் தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று சொல்லலாம். ஆனால் அந்தப் படம் இந்த ஊருக்கு வந்து சேர்ந்த வழியும், ஆன்ட்டியின் கொள்ளுத்தாத்தா இந்த ஊருக்கு வந்து சேர்ந்த வழியும் ஒரே சாம்ராஜ்யத்தின் இரண்டு ரசீதுகள். நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

அடுத்த அறையில் பிரெஞ்சுச் சிற்பி ரோதான் செய்த ஒரு பெண்ணின் மார்பளவுச் சிலை. ஈவ் ஃபேர்ஃபாக்ஸ். கல்யாணம் நிச்சயமான மாப்பிள்ளை ஆசையாகச் சொல்லி, ரோதான் செய்ய ஆரம்பித்தது. நிச்சயதார்த்தம் முறிந்தது, காசும் வரவில்லை. ஆனால் ரோதானுக்கும் அந்தப் பெண்ணுக்கும் நல்ல சினேகம் வளர்ந்துவிட்டது. சிலையை அவளுக்கே கொடுத்துவிட்டார். அவளோ கைச்செலவுக்குத் திண்டாடுகிற நிலைமைக்கு வந்தபோது அதை விற்றாள். வாங்கியது இந்த ஊர். அவள் நூறு வயதையும் தாண்டி 1978 வரை உயிரோடு இருந்தாள். தன் முகம் ஆப்பிரிக்காவில் ஒரு ரயில் பாதையோரம் இருக்கிறது என்ற நினைப்போடு அத்தனை வருடம்! கல்லில் மூக்கின் ஓரமும் கண்ணிமையும் கொஞ்சம் தெளிவில்லாமல், மூடுபனிக்குப் பின்னால் இருப்பதுபோல விடப்பட்டிருக்கின்றன. அருகில் போய்ப் பாருங்கள். காவலாளி முறைத்தால் இரண்டடி பின்னால் வந்துவிடுங்கள்.

டச்சு ஓவியங்கள், டியூரரிலிருந்து ரெம்பிராண்ட் வரை அச்சுப் படங்கள், ஃப்ளோரன்ஸ் அம்மா சேர்த்த லேஸ் பின்னல்கள் எல்லாம் இருக்கின்றன. எல்லாவற்றையும் எல்லா நேரமும் வெளியில் வைப்பதில்லை. லேஸை ஆன்ட்டி ரசித்தார், நான் வேகமாகத் தாண்டிவிட்டேன். அச்சுப் படங்களுக்குத் தனி நாள் வேண்டும், அதை அவசரத்தில் பார்ப்பது வீண்.

ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. 1915இல் கட்டடம் திறப்பதற்கு முந்தைய வருடங்களில், இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் வேறு ஒரு வரலாறு நடந்துகொண்டிருந்தது. காந்தி அப்போது இந்த ஊரில் வக்கீல். 1908 ஆகஸ்டில் ஃபோர்ட்ஸ்பர்க் மசூதிக்கு முன்னால் இந்தியர்கள் பதிவுச் சீட்டுகளைக் கொளுத்தினார்கள். சத்தியாக்கிரகத்தில் சிறைக்குப் போனவர்களில் தமிழர்கள்தான் அதிகம். காய்கறி கூடையில் சுமந்து விற்றவர்கள், சலவைக்காரர்கள், ஹோட்டல் பணியாட்கள். தம்பி நாயுடு திரும்பத் திரும்ப உள்ளே போனார். பதினெட்டு வயது நாகப்பன் 1909 ஜூலையில் சிறைக் குளிரில் நுரையீரல் கெட்டு இறந்தான். இதே ஊரில் பிறந்த வள்ளியம்மை 1913இல் சிறை போய், காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22இல் இறந்தாள். பதினாறு வயது. பிராம்ஃபான்டைன் இடுகாட்டில் இருக்கிறாள். ஓவியக்கூடத்திலிருந்து காரில் போனால் சில நிமிடம்தான்.

ஃப்ளோரன்ஸ் அம்மாவைத் திட்ட இதைச் சொல்லவில்லை. அவர் செய்தது பெரிய காரியம், சந்தேகமே இல்லை. வைரத்தை விற்றுப் படம் வாங்குகிறவர்கள் எத்தனை பேர்? ஆனால் அந்த வருடங்களில் 'ஜோகன்னஸ்பர்க் மக்களுக்காக' என்று சொன்னபோது, அந்த மக்கள் யார் என்பதில் ஒருவருக்கும் குழப்பம் இருந்திருக்காது.

கடைசி வரியின் கதை 1940இல் ஒரு திருப்பம் எடுக்கிறது. ஜெரார்ட் செகோட்டோ, 'மஞ்சள் வீடுகள்: சோஃபியாடவுனில் ஒரு தெரு'. வரைந்ததும் 1940, கூடம் வாங்கியதும் 1940. ஒரு கறுப்பின ஓவியரின் படத்தை இந்தக் கூடம் வாங்கியது அதுதான் முதல் தடவை. முப்பது வருடமாக ஐரோப்பாவையே வாங்கிக்கொண்டிருந்த கூடத்துக்கு, சில மைல் தள்ளி இருந்த ஒரு தெருவைக் கண்டுகொள்ள அவ்வளவு காலம் ஆயிற்று. செகோட்டோ அப்போது சோஃபியாடவுனில் கெர்ட்டி தெருவில் உறவினர் வீட்டில் இருந்தார். தன் படத்தைப் பார்ப்பதற்குத் துடைப்பத்தோடு வேலையாள் மாதிரி உள்ளே போகவேண்டியிருந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். உண்மையோ இல்லையோ, அது இன்றுவரை சொல்லப்படுகிறது என்பதே போதும்.

படத்தில் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. மண் தெரு, மஞ்சள் சுவர்கள், தங்கள் பாட்டுக்குப் போகும் சில பேர். ஆனால் அந்த மஞ்சளை வெறும் மஞ்சள் என்று சொல்லிவிட முடியாது. வெயில் சாயும் நேரத்தில் சுண்ணாம்புச் சுவர் ஒரு நிறம் எடுக்குமே, அது. ஏழைத் தெருவை வரைகிறவர்கள் பெரும்பாலும் இரக்கத்தைக் கொட்டிவிடுவார்கள். செகோட்டோ அப்படிச் செய்யவில்லை. அது அவர் தெரு, அதில் சாயங்காலம் அழகாக இருந்தது, வரைந்துவிட்டார்.

ஆன்ட்டி இங்கேதான் நகர மறுத்தார். கூடத்துக்கு நடுவில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"ஃபீட்டாஸ் இப்படித்தான் இருந்துச்சு. இது ஃபீட்டாஸ்னே சொல்லலாம்."

ஃபீட்டாஸ் என்பது பேஜ்வியூ, ஃபிரெடெடார்ப் பகுதிகளுக்கு ஊர்க்காரர்கள் வைத்த பெயர். பதினாலாம் தெருவில் துணிக்கடையிலிருந்து மளிகை வரை எல்லாம் கிடைக்கும். தமிழர், குஜராத்திகள், மலாய்க்காரர்கள், கறுப்பர்கள் எல்லோரும் ஒருவர் வாசலில் ஒருவர் நின்றபடி வாழ்ந்த இடம். இனவாரிக் குடியிருப்புச் சட்டம் வந்து, வெள்ளையர் பகுதி என்று அறிவித்து, 1970களில் வீடுகளை இடித்து, மக்களை முப்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி லெனேசியாவுக்கு அனுப்பினார்கள். கடைக்காரர்களுக்காக 1974இல் ஃபோர்ட்ஸ்பர்க்கில் ஓரியன்டல் பிளாசா கட்டினார்கள். சோஃபியாடவுனுக்கு அதே கதி முன்பே, 1955 பிப்ரவரியில் வந்துவிட்டது. இடித்த இடத்துக்கு 'வெற்றி' என்ற பொருளில் ட்ரியோம்ஃப் என்று பெயர் வைத்தார்கள். வைக்கிற பெயரா அது?

செகோட்டோ இதையெல்லாம் இருந்து பார்க்கவில்லை. 1947இல் பாரிஸ் போனவர் திரும்பவே இல்லை. 1993இல் பிரான்சிலேயே இறந்தார். அவர் வரைந்த தெரு போனது, வரைந்தவர் போனார், படம் மட்டும் தண்டவாளத்தோரம் இருக்கிறது.

"எங்க வீட்டுச் சுவரு பச்சை" என்றார் ஆன்ட்டி. "அப்பா ஒவ்வொரு பொங்கலுக்கும் அடிப்பார். இடிக்கற வருஷமும் அடிச்சார். அம்மா கத்தினாங்க, என்னத்துக்கு பெயின்ட் வீணாக்கறீங்கன்னு." கொஞ்ச நேரம் கழித்து, "வீட்டுக்குத்தானே அடிக்கிறேன்னாரு" என்றார். நான் ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாக வந்து செல்ஃபி எடுத்துக்கொண்டு போனார்கள்.

கடைசி வரி வேறு மாதிரி பேசும் இடம், ஆப்பிரிக்க மரபுப் பொருள்கள் வைத்திருக்கும் பகுதி. 1980களில்தான் கூடம் இந்தப் பக்கம் தீவிரமாகத் திரும்பியது. சுரங்க முதலாளி ஹாரி ஓப்பன்ஹைமர் லண்டனிலிருந்து திரும்ப வாங்கிய பிரென்ட்ஹர்ஸ்ட் தொகுப்பு, ஜாக் என்ற பாதிரியார் சேர்த்த மரத் தலையணைகள், மணிவேலைகள், கைத்தடிகள். தலையணை என்றால் பஞ்சு இல்லை. ஒரே கட்டையில் குடைந்து எடுத்தது. கீழே அடி, நடுவில் கால்களோ வளைவுகளோ, மேலே தலை வைக்க லேசாகக் குழிந்த பலகை. ஊரில் தாத்தாக்கள் மணைக்கட்டையைத் தலைக்கு வைத்துப் படுப்பார்களே, அதன் அலங்காரமான அண்ணன். குழிந்த இடம் மட்டும் எண்ணெய் ஏறிக் கறுத்துப் பளபளவென்று இருக்கிறது. வருடக்கணக்காக ஒரு தலை அங்கே தூங்கியிருக்கிறது.

அட்டையைப் படித்தேன். செய்தவர் பெயர் இல்லை, எந்த இனத்தார் என்பது மட்டும். கடைசி வரியில் சேகரித்தவர் பெயர் சுத்தமாக இருக்கிறது. நம் எழும்பூர் அருங்காட்சியகத்திலும் இதுதான் கதை. திருவாலங்காட்டு நடராஜரை வார்த்த ஸ்தபதி யாரென்று நமக்குத் தெரியாது. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. எழும்பூரில் எந்த ஊர் மண்ணில் கிடைத்தது என்பதாவது சிலையோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. திருவாலங்காடு என்ற பெயர் இருக்கும்வரை அந்த நடராஜருக்கு ஒரு முகவரி இருக்கிறது. இந்தத் தலையணைகளில் பலவற்றுக்கு அதுவும் இல்லை. கை மாறிக் கை மாறி லண்டன் போய்த் திரும்பியதில் ஊர்ப் பெயர் எங்கோ விழுந்துவிட்டது.

இதைச் சரிசெய்யக் கூடம் முயலவில்லை என்று சொல்ல முடியாது. 1988இல் 'புறக்கணிக்கப்பட்ட மரபு' என்ற பெயரில், 1930லிருந்து கறுப்பினக் கலைஞர்கள் செய்ததைத் தேடித் தொகுத்து ஒரு பெரிய கண்காட்சி வைத்தார்கள். நிறவெறி ஆட்சி இன்னும் விழாத வருடம் அது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், அந்தத் தலைப்பின் தைரியம் புரியும்.

பிக்காசோவும் இருக்கிறார். ஹார்லிகின் என்ற கோமாளியின் தலை, அவர் சாவதற்குச் சற்று முன்னால் வரைந்தது. 1970களில் அதை வாங்கியபோது, இந்தக் கிறுக்கலுக்கா இவ்வளவு பணம் என்று ஊரே கூச்சல் போட்டது. எனக்கும் அது பெரிதாகப் படவில்லை. ஆன்ட்டி கொஞ்சம் கடுமையான ஒரு தமிழ்ச் சொல் சொன்னார், இங்கே எழுத முடியாது.

இப்போது நடைமுறை விஷயம். கட்டடத்தின் நிலைமை நன்றாக இல்லை. 1980களில் சேர்த்த புதுப்பகுதியின் கூரை ஒழுகுவதும், செப்புத் தகடுகளைத் திருடர்கள் பெயர்த்துக்கொண்டு போவதும் பத்திரிகைகளில் பல வருடமாக வரும் செய்தி. 2017இல் மழை வெள்ளத்தால் கூடத்தை மூடவே வேண்டியிருந்தது. படங்களை வேறு இடத்துக்கு மாற்றலாமா, கட்டடத்தைச் செப்பனிடலாமா என்ற பேச்சு ஓயவில்லை. அதனால் கிளம்புமுன் திறந்திருக்கிறதா, எந்த அறைகளைப் பார்க்கலாம் என்று விசாரித்துக்கொண்டு போங்கள். காரை வேலிக்கு உள்ளே நிறுத்துங்கள். நகை வேண்டாம். சுற்றுவட்டாரம் மினிபஸ் டாக்ஸிகளும் நடைபாதைக் கடைகளுமாக நெரிசல் பிடித்தது. பயப்படும்படி இல்லை, கவனமாக இருந்தால் போதும்.

வெளியே வந்ததும் உடனே காரில் ஏறிவிடாதீர்கள். பூங்காவில் படம் எடுப்பவர்கள் இருப்பார்கள். பல பத்தாண்டுகளாக இந்தப் பூங்காவில் அதுதான் தொழில். சனி ஞாயிறில் ஊரிலிருந்து வேலை தேடி வந்தவர்கள் நல்ல சட்டை போட்டுக்கொண்டு பூச்செடிக்கு முன்னால் நிற்பார்கள், அந்தப் படம் கிராமத்துக்குப் போகும். கைபேசி வந்த பிறகும் தொழில் முழுதாகச் சாகவில்லை. ஆன்ட்டி பேரம் பேசினார். படக்காரர் முதலில் கேட்ட விலையில் பாதிக்கு இறங்கினார், அதற்கு மேல் இறங்கவில்லை.  காசை நான் கொடுத்தேன். படத்தின் பின்பக்கம் எழுதிக் கொடுக்கச் சொல்லி ஆன்ட்டி பேனாவை நீட்டினார்: தன் பெயர், ஜூபர்ட் பூங்கா, தேதி. "எடுத்த பையன் பேரையும் போடு" என்றார். போட்டேன்.